ஒரு வார லீவில் முதல் ஐரோப்பா: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், இந்திராநகர், எலெக்ட்ரானிக் சிட்டி என்று பெங்களூரில் எந்தத் தமிழ்க் குடும்பத்தோடு பேசினாலும், முதல் ஐரோப்பாப் பயணம் என்றால் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே வைத்திருக்கிறேன். கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை. பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"ஒரு வாரம்தான் லீவ் கிடைக்கும். அதுக்குப் போய் ஐரோப்பாவா? வேஸ்ட் இல்லையா?"

வேஸ்ட் இல்லை. ஆனால் நாட்களை எண்ணாமல் இரவுகளை எண்ணுங்கள். ஐந்து நாள் லீவ், முன்னும் பின்னும் சனி ஞாயிறு சேர்த்தால் காலண்டரில் 9 நாள் தெரியும். வெள்ளி நள்ளிரவு தாண்டிக் கிளம்பினால் சனிக்கிழமை அங்கே இறங்கலாம். அடுத்த சனிக்கிழமை அங்கிருந்து கிளம்பினால் ஞாயிறு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆக, அங்கே தூங்குவது 7 இரவுகள். முழுசாகக் கையில் இருப்பது 6 பகல்கள். இந்த 6 பகல்களை வைத்துத்தான் மற்ற எல்லா முடிவும் எடுக்க வேண்டும்.

நேர வித்தியாசம் இதில் நமக்குச் சாதகம். பாரிஸ், ரோம், வியன்னா எல்லாம் கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரமும், குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருக்கின்றன. அதனால் முதல் இரண்டு நாட்கள் விடியற்காலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். அதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். கூட்டம் சேர்வதற்கு முன் ஊரைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

"டூர் கம்பெனி 8 நாளில் 6 நாடு காட்டுறாங்க. நாமளே போனா எத்தனை நாடு பார்க்கலாம்?"

எத்தனை நாடு என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில். 7 இரவுக்கு இரண்டு ஊர், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் என்ன ஆகிறது என்று பாருங்கள். பாரிசிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ரயில் மூன்று மணி இருபது நிமிடம்தான். ஆனால் காலையில் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, ஸ்டேஷனுக்குப் போய்க் காத்திருந்து, இறங்கி, அடுத்த ஹோட்டலைத் தேடிப் பிடித்து, மூன்று மணிக்கு அறை கிடைத்து, முகம் கழுவி வெளியே வரும்போது மாலை ஆகிவிடும். இருக்கும் 6 பகலில் ஒன்று போய்விட்டது. நான்கு ஊர் என்றால் மூன்று பகல் பெட்டியோடு போகும்.

ஆறு நாட்டுப் பஸ் பயணத்தில் பெரும்பாலான நேரம் கண்ணாடி வழியாக நெடுஞ்சாலையைத்தான் பார்ப்பீர்கள். பஸ் டூர் யாருக்குப் பொருந்தும் என்பதைப் பெற்றோர் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"சரி, அப்போ எந்த ரெண்டு ஊர்?"

நேரடி ரயிலில் சுமார் நான்கு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடும் இரண்டு ஊர்களை எடுங்கள். பாரிஸ் - ஆம்ஸ்டர்டாம் ஒன்று. பாரிஸ் - சுவிட்சர்லாந்து இன்னொன்று: பாரிசிலிருந்து சூரிச்சுக்கு அதிவேக ரயில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கிருந்து லூசெர்ன் ஒரு மணி நேரத்துக்குள். ரோம் - ஃப்ளாரன்ஸ் என்றால் ஒன்றரை மணி நேரம்தான். ஃப்ளாரன்சிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வெனிஸ் போய் அன்றிரவே திரும்பலாம். வியன்னா - புடாபெஸ்ட் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள்.

எனக்கு முதல் பயணத்துக்குப் பிடித்த ஜோடி ரோம் - ஃப்ளாரன்ஸ். பார்க்க வேண்டியவை நடக்கும் தூரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன, சைவம் சாப்பிடுபவர்களுக்குத் திண்டாட்டம் இல்லை, ரயில் பயணமும் சின்னது. செலவு குறைய வேண்டும் என்றால் வியன்னா - புடாபெஸ்ட். பனிமலை பார்க்காமல் வர மாட்டேன் என்று குழந்தைகள் அடம் பிடித்தால் சுவிட்சர்லாந்து. ஆனால் சாப்பாடு, தங்குமிடம் இரண்டிலும் அதுதான் இவற்றில் மிக அதிகச் செலவு வைக்கும்.

"பிள்ளைங்களுக்கு ஏப்ரல், மே லீவ், இல்லேன்னா தசரா லீவ். எது நல்லது? டிசம்பர்ல கிறிஸ்துமஸ் பார்க்கணும்னும் ஆசை."

குறைந்த நாள் என்றால் பகல் வெளிச்சம்தான் பெரிய சொத்து. பாரிசில் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும், காலை எட்டரைக்கு மேல்தான் விடியும். அதாவது அதே ஆறு பகல், ஆனால் பாதி நீளம். கிறிஸ்துமஸ் சந்தைகள் அழகுதான். அவற்றுக்காகவே போவதென்றால் போங்கள். ஊர் சுற்றிப் பார்க்க முதல்முறை போகிறவர்களுக்கு நான் டிசம்பரைச் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் கடைசியும் மே மாதமும் எனக்கு உகந்தவை. ஆம்ஸ்டர்டாம் அருகே உள்ள கூகன்ஹாஃப் டியூலிப் தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடுவரைதான் திறந்திருக்கும், அதுவும் இதில் அமையும். தசரா சமயத்து அக்டோபர் முதல் பாதியும் நல்ல காலம், கூட்டம் குறையும். பெங்களூர் ஸ்வெட்டர் மட்டும் எந்த மாதத்துக்கும் போதாது, மழை தாங்கும் ஜாக்கெட் ஒன்று வேண்டும். சுவிட்சர்லாந்தில் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுங்ஃப்ராவ்யோக் பனிமலைக்குப் போகிறவர்களுக்கு மே மாதத்திலும் உறைகுளிர்தான்.

"பெங்களூர்ல இருந்து நேரா ஃப்ளைட் இருக்கா? வளைகுடா வழியா போனா காசு மிச்சமாகுதே?"

ஃப்ராங்க்ஃபர்ட், மியூனிக், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் ஆகிய ஊர்களுக்கு நம் விமான நிலையத்திலிருந்து நேரடிச் சேவைகள் உண்டு. சுமார் பத்து மணி நேரம். நடுவில் ஒரு ஊரில் மாறிப் போனால் பல சமயம் விலை குறையும், ஆனால் போக வர நான்கைந்து மணி நேரம் கூடும். மிச்சமாகும் பணத்தை இழக்கும் அரை நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த வழியானாலும் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனி டிக்கெட் எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அப்புறம், ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரிலிருந்து திரும்பும்படி எடுங்கள். டிக்கெட் தளங்களில் 'மல்ட்டி சிட்டி' என்று இருக்கும். பாரிசில் இறங்கி ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஏறினால், திரும்பிப் பாரிஸ் வரும் ஒரு பகல் மிச்சம்.

தேதிக் குழப்பம் ஒன்று உண்டு. 16ஆம் தேதி அதிகாலை 2:30 மணி விமானம் என்றால், 15ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். லீவ் போடும்போதும் வாயு வஜ்ரா பஸ்ஸோ டாக்சியோ ஏற்பாடு செய்யும்போதும் இதை நினைவில் வையுங்கள். ஹெப்பாள் பக்கம் வெள்ளி மாலை நெரிசல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"ஷெங்கன் விசான்னா ஒண்ணு எடுத்தா எல்லா நாட்டுக்கும் போகலாமா?"

ஷெங்கன் பகுதியில் இருக்கும் 29 நாடுகளுக்கும் போகலாம். பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரியா, ஹங்கேரி எல்லாம் அதில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் உண்டு. பிரிட்டனும் அயர்லாந்தும் இல்லை.

விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பி வராது.

"எந்த நாட்டு எம்பசி ஈசியா குடுக்குதோ அங்க அப்ளை பண்ணிட்டு, வேற நாட்டுக்குப் போகலாமா?"

கூடாது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாட்டிலும் சம அளவு என்றால், முதலில் நுழையும் நாடு. பாரிசில் 4 இரவு, ஆம்ஸ்டர்டாமில் 3 இரவு என்றால் பிரான்ஸ். அதனால் ஊர்களையும் இரவுகளையும் முடிவு செய்த பிறகுதான் விசா வேலையைத் தொடங்க முடியும்.

"எவ்வளவு நாள் முன்னாடி ஆரம்பிக்கணும்?"

விதிப்படி பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம், சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது: கைரேகை கொடுக்கும் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது. கோடை விடுமுறைக்கு முன் பெங்களூர் மையங்களில் தேதிகள் வேகமாகத் தீர்ந்துவிடும். மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே இறங்கிவிடுங்கள்.

இந்த நாட்களில் பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கும். இடையில் அலுவலக வேலையாக வேறு வெளிநாடு போக வேண்டியிருந்தால் முன்கூட்டியே யோசியுங்கள். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும்.

"பேங்க்ல எவ்வளவு பணம் காட்டணும்? ஃப்ரெண்டுகிட்ட வாங்கிப் போட்டுக் காட்டலாமா?"

அவர்கள் பார்ப்பது ஒரு நாள் இருப்பை அல்ல, சில மாதங்களின் வரவு செலவை. மாதாமாதம் சம்பளம் வருகிறதா, செலவு போக மிச்சம் இருக்கிறதா, அந்த மிச்சத்தில் இந்தப் பயணம் நடக்குமா என்பதுதான் கேள்வி. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று நான்கு லட்சம் வந்து விழுந்தால் சந்தேகம்தான் வரும். நியாயமாக வந்த பெரிய தொகை என்றால், உதாரணமாக பிக்சட் டெபாசிட் முதிர்ந்தது என்றால், அதற்கான தாளையும் சேர்த்து வையுங்கள்.

பணத்துக்கு அடுத்தது, நீங்கள் திரும்பி வருவீர்கள் என்ற நம்பிக்கை. லீவ் அனுமதிக் கடிதம், சம்பளச் சீட்டு, வருமான வரித் தாக்கல் நகல், பிள்ளைகளின் பள்ளிக் கடிதம் எல்லாம் இதற்காகத்தான். எங்கே எந்த நாள் இருப்பீர்கள் என்று ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதிய பயணத் திட்டமும் வையுங்கள். அதில் உள்ள தேதி, ஹோட்டல் தேதி, காப்பீட்டுத் தேதி மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

"விசா வர்றதுக்கு முன்னாடியே டிக்கெட் எடுக்கணுமா? டம்மி டிக்கெட் போதும்னு ஏஜென்ட் சொல்றார்."

விசா வரும் முன் பணம் திரும்பாத டிக்கெட் எடுக்க வேண்டாம். விமான நிறுவனத்தில் உண்மையாகப் பதிவாகி, பணம் கட்டாமல் சில நாள் நிறுத்தி வைத்த முன்பதிவு என்றால் சரி. கணினியில் திருத்தி அச்சடித்த போலித் தாள் வேண்டவே வேண்டாம். அது பொய்யான ஆவணம். பிடிபட்டால் பிற்கால விண்ணப்பங்களையும் பாதிக்கும்.

ஹோட்டலுக்கு, இலவசமாக ரத்து செய்யும் வசதியுள்ள அறையை, நீங்கள் உண்மையில் தங்க நினைக்கும் இடத்திலேயே பதிவு செய்யுங்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்க வேண்டும், எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும், தங்கும் எல்லா நாளுக்கும் செல்ல வேண்டும்.

"எதெல்லாம் இங்கிருந்தே புக் பண்ணணும்? அங்க போய் வரிசையில் நின்னா கிடைக்காதா?"

சிலவற்றுக்குக் கிடைக்காது. ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃப்ராங்க் வீட்டுக்கு, ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கான டிக்கெட் இணையத்தில் திறக்கும், வேகமாகத் தீரும். மிலானில் டா வின்சியின் 'கடைசி இராவுணவு' ஓவியத்துக்கும் டிக்கெட் வேகமாகத் தீரும். ரோமின் கொலோசியம், வாட்டிகன் அருங்காட்சியகம், பாரிசின் லூவர் அருங்காட்சியகம், ஈஃபில் கோபுர உச்சி ஆகியவற்றுக்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்துவிடுங்கள். லூவரில் 2026 ஜனவரி முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணம் 32 யூரோ.

விடுமுறை நாளைப் பார்க்காமல் திட்டம் போடுவது இன்னொரு பெரிய இழப்பு. லூவர் செவ்வாய் மூடல். ஓர்சே அருங்காட்சியகம், வெர்சாய் அரண்மனை, ஃப்ளாரன்சின் உஃபிட்சி ஓவியக்கூடம் மூன்றும் திங்கள் மூடல். வாட்டிகன் அருங்காட்சியகம் பெரும்பாலான ஞாயிறுகளில் மூடல். இவற்றை முதலில் காகிதத்தில் குறித்துவிட்டு, அதைச் சுற்றி மற்றதை நிரப்புங்கள். ஒரு நாளைக்கு டிக்கெட் எடுத்த இடம் ஒன்று போதும். மீதி நேரம் தெருக்களுக்கும் பூங்காக்களுக்கும் ஆற்றங்கரைக்கும் இருக்கட்டும். ஊர் மனதில் தங்குவது அந்த நேரத்தில்தான்.

"ரயிலுக்கு யூரெயில் பாஸ் வாங்கணுமா?"

பல நாட்டு ரயில்களுக்கும் பொதுவான அந்தப் பாஸ் இரண்டு ஊர்த் திட்டத்துக்குத் தேவையில்லை. இருப்பது ஒரே ஒரு நீண்ட ரயில் பயணம். அந்த டிக்கெட்டை இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்தால் விலை நன்றாகக் குறையும். பாஸ் வைத்திருந்தாலும் பல அதிவேக ரயில்களில் இருக்கைக்குத் தனிப் பணம் கட்ட வேண்டும். சுவிட்சர்லாந்தில் மட்டும் கணக்கு மாறும்: அங்கே தினமும் ரயில், படகு, மலை ரயில் என்று ஏறி இறங்குவீர்கள் என்பதால் அந்த நாட்டின் பயண பாஸையோ பாதிக் கட்டண அட்டையையோ கூட்டிக் கழித்துப் பாருங்கள். இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால், ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை போட வேண்டும். மறந்தால் அபராதம்.

"நாங்க சுத்த சைவம். ஒரு வாரம் என்ன சாப்பிடுறது? இங்கிருந்து என்ன எடுத்துட்டுப் போகலாம்?"

இத்தாலியில் மார்கரிட்டா பீட்சா, தக்காளிப் பாஸ்தா எங்கேயும் கிடைக்கும். ஆனால் முட்டையோ இறைச்சிச் சாறோ சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பாரிசில் கார் து நோர் ரயில் நிலையத்தையடுத்த லா ஷப்பேல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகளும் உணவகங்களும் வரிசையாக இருக்கின்றன. தோசையும் கொத்துப் பரோட்டாவும் தமிழில் கேட்டு வாங்கலாம். அதே வட்டாரத்தில் மாணிக்க விநாயகர் கோயில் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசி வாக்கில் தேர்த் திருவிழா நடக்கும். பயணம் அப்போது அமைந்தால் தவற விடாதீர்கள். பாரிஸ் தெருவில் தமிழ்க் கூட்டம் தேர் இழுப்பதைப் பார்ப்பது பெரிய அனுபவம்.

எடுத்துப்போவதில் ஒரு கண்டிப்பான விதி: பயணிகள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது. நெய், பனீர், தயிர், பால்கோவா எல்லாம் இதில் வரும். பழங்களில் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் தவிர மற்றவற்றுக்குத் தாவரச் சான்றிதழ் வேண்டும். பச்சைக் கறிவேப்பிலைக் கட்டையும் விட்டுவிடுங்கள். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அவல், முறுக்கு இவை போதும். ரெடிமேட் பாக்கெட் என்றால் பின்பக்கத்தில் நெய், பால் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். சமையலறை உள்ள அறை எடுத்தால் இரவுக்குச் சோறு வடித்துவிடலாம். ஒன்று கவனியுங்கள்: ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்தில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையக் கடைகள்தான் கை கொடுக்கும்.

"கையில் எவ்வளவு யூரோ? யூபிஐ வேலை செய்யுமாமே?"

ஈஃபில் கோபுர டிக்கெட்டுக்கு 2024இல் யூபிஐ வந்தது உண்மை. அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட முடியாது. பெரும்பாலான செலவுக்கு முன்கூட்டியே யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு, அவசரத்துக்கு இன்னொரு வங்கியின் அட்டை, கையில் குடும்பத்துக்கு 200, 300 யூரோ சில்லறை நோட்டுகளாக. ரயில் நிலையக் கழிப்பறைக்கே ஒரு யூரோ போலக் கேட்பார்கள், நாணயம் வைத்திருங்கள். கடையில் இயந்திரம் "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாயைத் தொட்டால் மோசமான மாற்று விகிதம் விழும். சுவிட்சர்லாந்தில் ஃப்ராங்க், ஹங்கேரியில் ஃபோரின்ட் என்பதையும் மறக்க வேண்டாம்.

"பிளக், சிம், தண்ணி?"

நம் மெல்லிய இரட்டை ஊசி சார்ஜர் பெரும்பாலும் பொருந்தும். மூன்று ஊசி பிளக் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். இசிம்மை இங்கேயே வாங்கி ஏற்றிக்கொள்ளலாம், ஓடிபி வர நம்மூர் சிம்மும் போனில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். ரோமில் தெருக் குழாய்களிலேயே பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம்.

"திருட்டு ரொம்ப அதிகமாமே?"

அடித்துப் பறிப்பது குறைவு, பிக்பாக்கெட் அதிகம். பாரிஸ் மெட்ரோ, ரோம் டெர்மினி நிலையம் போன்ற இடங்களில் பையை முன்னால் போடுங்கள். கையெழுத்துக் கேட்டு அட்டையை நீட்டுபவர்களிடம் நிற்காதீர்கள். பாஸ்போர்ட், விசா இரண்டின் நகலும் போனிலும் தாளிலும் தனியாக இருக்கட்டும்.

"அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போகணும். அம்மாவுக்கு முட்டி வலி. முடியுமா?"

முடியும், திட்டம் மாற வேண்டும். பாரிஸ் மெட்ரோவின் பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. அங்கே பஸ்ஸே நல்லது. பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்காமல் அறை எடுக்காதீர்கள். ரோமின் கல் பாவிய தெருக்கள் முட்டியைச் சோதிக்கும். வியன்னா தட்டையான ஊர், டிராம் வசதி அருமை, பெற்றோருக்கு அதைத்தான் முதலில் சொல்வேன். காலை ஒரு இடம், மதியம் அறையில் ஓய்வு, மாலை ஒரு நடை. இரண்டு ஊர்கூட வேண்டாம், ஒரே ஊரில் 7 இரவு இருந்தாலும் நிறைவாக இருக்கும். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பெட்டி தூக்குவது, வழி தேடுவது, மூன்று வேளையும் இந்தியச் சாப்பாடு தேடுவது மூன்றும் பெரிய கவலை என்றால், பஸ் டூர் அவர்களுக்குப் பொருந்தலாம். அப்போதும் நாடு குறைவாக உள்ளதையே தேர்ந்தெடுங்கள். அவர்கள் திருநெல்வேலியிலோ மதுரையிலோ வசித்தால், விசாவுக்கு அவர்களுடைய வசிப்பிடத்துக்கு உரிய மையம் எது என்று முதலில் பாருங்கள். உங்களோடு பெங்களூரில் கொடுக்க முடியும் என்று நினைத்துவிட வேண்டாம். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

"பாரிஸ் வரைக்கும் போறோம், லண்டன் ரெண்டே மணி நேரம். அதையும் பார்த்துட்டு வந்துடலாமே?"

பிரிட்டனுக்குத் தனி விசா, தனிக் கட்டணம். அதோடு, லண்டன் போய்விட்டு மீண்டும் பாரிஸ் வந்தால் ஷெங்கனுக்குள் இரண்டாவது நுழைவு ஆகிவிடும். உங்கள் விசாவில் ஒருமுறை நுழைவு மட்டும் இருந்தால் உள்ளே விட மாட்டார்கள். 7 இரவில் இது வேண்டாத சுமை. லண்டனுக்கு இன்னொரு முறை தனியாகப் போங்கள்.

"பிரான்ஸ் விசா கிடைச்ச பிறகு, சுவிஸ்ல கூட ரெண்டு நாள் இருக்கலாம்னு தோணுது. மாத்தினா பிரச்சினையா?"

உண்மையான திட்டத்தில் ஒரு இரவு கூடுவதோ குறைவதோ நடக்கிற விஷயம். பிரான்சைத் தொடாமலே வேறு எங்கோ போவது வேறு. எல்லையில் அதிகாரி ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீடு மூன்றையும் கேட்கலாம். விசா வாங்கிய காரணத்துக்கும் பயணத்துக்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்தால் விசாவை அங்கேயே ரத்து செய்யும் அதிகாரம் அவருக்கு உண்டு. 2025 அக்டோபர் முதல் படிப்படியாக, எல்லையில் முகப்படம் எடுத்துக் கணினியில் பதிகிறார்கள். நீங்கள் எங்கே நுழைந்தீர்கள், எங்கே வெளியேறினீர்கள் என்பது அதில் இருக்கும்.

ஒழுங்காகப் போய் வந்தால் பலனும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு, அடுத்து இரண்டு ஆண்டு செல்லும் பலமுறை நுழைவு விசா கொடுக்கலாம் என்று 2024 ஏப்ரலில் விதி வந்திருக்கிறது.

"விசா ரிஜெக்ட் ஆயிடுச்சு. இனி எப்பவுமே கிடைக்காதா?"

அப்படி இல்லை. மறுப்போடு ஒரு படிவம் வரும், அதில் காரணம் குறிக்கப்பட்டிருக்கும். பயணத்தின் நோக்கம் தெளிவில்லை, பணத்துக்கு ஆதாரம் போதவில்லை, திரும்புவது பற்றிச் சந்தேகம் என்பவைதான் பெரும்பாலும் இருக்கும். காரணத்துக்கு நேரான ஆவணம் கையில் இருந்தால், மேல்முறையீடும் செய்யலாம், புதிதாகவும் விண்ணப்பிக்கலாம். லீவ் தேதி நெருங்கியிருந்தால் புதிய விண்ணப்பம்தான் பெரும்பாலும் வேகமான வழி. அதே தாள்களை அப்படியே மறுபடி கொடுத்தால் அதே பதில்தான் வரும். முந்தைய மறுப்பைப் பற்றிக் கேட்கும் இடத்தில் மறைக்காமல் எழுதுங்கள். அவர்களின் பொதுக் கணினியில் அது ஏற்கெனவே இருக்கிறது.